வெட்டிக் கெடுப்பதற்கென்றே ஒரு தாடை

காது மடலுக்குக் கீழே விரலை வைத்து, தாடை எலும்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே முகவாய் வரை வாருங்கள். வழியில் ஒரு திருப்பம் தட்டுப்படும். அந்தத் திருப்பத்துக்கு மேலே, எலும்பின் உள்பக்கத்தில் ஒரு துளை இருக்கிறது. அங்கிருந்து எலும்புக்குள்ளேயே, பல் வேர்களுக்குக் கீழாக, ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. தடவினால் தெரியாது. வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. அதற்குள் ஒரு நரம்பும் ரத்தக் குழாய்களும் போகின்றன. அந்த நரம்பு வழியில் ஒவ்வொரு பல்லுக்கும் கிளை கொடுக்கிறது. பிறகு முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே எலும்பிலுள்ள ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இந்த நரம்பைச் சந்தித்திருக்கிறீர்கள். உதடு பெரிதாக வீங்கித் தொங்குவதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் எப்போதும் உள்ள அளவில்தான் இருக்கும். ஊசி மருந்து நரம்பைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் அந்த நரம்பிலேயே வெட்டு விழுந்துவிட்டால்? உதடு அசையும், பேச்சும் வரும். தொடு உணர்ச்சி மட்டும் போய்விடும். முகவாயில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது. தேநீர் சுடுவது தெரியாது. சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும். சிலருக்கு ஆகாமலே போகலாம்.

இந்தக் கால்வாய்க்கு மிகவும் நெருக்கமாக வேர் விடுவது கீழ்த்தாடையின் கடைசிப் பல். பதினேழு வயதுக்குப் பிறகு மெல்ல எட்டிப் பார்க்கும் ஞானப்பல். பலருக்குத் தாடையில் இடம் போதாமல் அது படுத்தவாக்கில் முளைக்கும், அல்லது பாதி வெளியே பாதி எலும்புக்குள்ளே என்று மாட்டிக்கொள்ளும். உணவு போய்த் தங்கும், ஈறு வீங்கும், சீழ் வைக்கும். அப்போது ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க முடியும். வேர் நுனிக்கும் நரம்புக் கால்வாய்க்கும் நடுவே சில நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சில நேரம் இரண்டும் ஒட்டியே கிடக்கும்.

இந்த அறுவை சிகிச்சையை ஆயிரம் தடவை செய்த கை தேர்ந்த மருத்துவருக்கும் ஒரு முதல் தடவை இருந்திருக்கும். அந்த முதல் தடவைக்கு வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் உட்காருவது யார்? நீங்கள் தயாரா? நான் தயாரில்லை.

பல் மருத்துவம் கற்பிக்கிறவர்களை நூறு ஆண்டுக்கு மேலாகக் குடைந்துவரும் கேள்வி இது. 1894-இல் ஆஸ்வால்டு ஃபெர்கஸ் என்ற பல் மருத்துவர் ஒரு பொம்மைத் தலை செய்தார். தலை என்று பெயர்தான்; ஓர் உலோகத் தண்டும் அதில் பொருத்திய இரண்டு பித்தளைத் தாடைகளும்தான் அது. அதற்குப் பிறகு வந்தவை முகம், கன்னம், கழுத்து எல்லாம் வைத்துக்கொண்டன. இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் வரிசை வரிசையாக இந்தத் தலைகள் மாட்டியிருக்கும். மாணவர்கள் 'ஃபேன்டம் ஹெட்' என்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் பற்கள். பல்லைத் திருகிக் கழற்றலாம், புதிதாக ஒன்றை மாட்டலாம். சொத்தையை அடைக்கவும், பல்லுக்குத் தொப்பி போடச் செதுக்கவும் பழகுவதற்கு இது அருமையான ஏற்பாடு.

அறுவை சிகிச்சைக்கு அது போதவில்லை. ஏனென்றால் அந்தத் தலையில் இருக்கும் தாடை வரிசை தவறாத, நோயில்லாத, இலட்சியத் தாடை. எல்லாப் பற்களும் நிமிர்ந்து நிற்கும். படுத்துக் கிடக்கும் ஞானப்பல் அதில் கிடையாது. எலும்புக்குள்ளே கால்வாயும் கிடையாது. மருத்துவரைத் தேடி யாரும் அப்படிப்பட்ட தாடையோடு வருவதில்லையே!

வேறு வழிகளும் இருந்தன. பிடுங்கிய உண்மைப் பற்களைச் சேகரித்துக் கிருமி நீக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டியில் பதித்துக் குடைந்து பார்ப்பார்கள். நம் ஊர்ப் பல் மருத்துவ மாணவர்கள் முதலாண்டில் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்வார்கள். அந்த ஆண்டு முழுக்க நகக்கண்ணில் மெழுகுதான். பிடுங்கிய பல் வேண்டுமென்று தெரிந்த கிளினிக்குகளில் போய்க் கேட்டு நிற்பதும் உண்டு. பன்றி, ஆடு இவற்றின் தாடையை வாங்கி ஈறைக் கீறித் தையல் போடப் பழகுவது இன்னொரு முறை. சதையின் உணர்வு கைக்குக் கிடைக்கும். ஆனால் ஆட்டின் தாடை அமைப்பு வேறு, பல் வேறு. தானமாக வந்த மனித உடல்கள் எல்லாவற்றிலும் மேலான ஆசான்கள். அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. அந்த உடலிலும் நாம் கற்றுத்தர விரும்பும் சிக்கல் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கடினமான நோயாளி வந்து போனார். ஞானப்பல் கிடையாகக் கிடந்தது, வேர் வளைந்திருந்தது, கால்வாய் ஒட்டியிருந்தது. இதை எழுபது மாணவர்களும் ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார். நோயாளிக்கு இருந்தது ஒரு பல். அதையும் எடுத்தாயிற்று. அந்தத் தாடையை எழுபதாகப் பெருக்க முடியுமா?

முடியும். அதற்கு முதலில் அந்தத் தாடையின் உள்ளே பார்க்க வேண்டும்.

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஓட்டோ வால்காஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் பற்களையே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டார். படத்தகட்டை வாயில் வைத்துக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் படுத்திருந்தாராம். அந்தக் கதிர் என்ன செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இன்று யாரும் அப்படிச் செய்ய விடமாட்டார்கள். எக்ஸ் கதிர்ப் படத்தில் வேரும் கால்வாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழலாகத் தெரியும். கால்வாய் வேருக்கு நாக்குப் பக்கம் போகிறதா, கன்னத்துப் பக்கம் போகிறதா? தட்டையான படத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கத்தி வைக்கிறவருக்கோ அதுதான் தெரிய வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1990-களின் கடைசியில் பல் மருத்துவத்துக்கென்றே சிறிய வகை ஒன்று இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவானது. கதிர்களைக் கூம்பு வடிவத்தில் பாய்ச்சுவதால் அதைக் கூம்புக்கற்றை சி.டி. என்பார்கள், மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.சி.டி. என்பார்கள். நீங்கள் அசையாமல் இருந்தால் போதும். கருவி உங்கள் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அரை நிமிடத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்திருக்கும். கணினி அவற்றைச் சேர்த்து உங்கள் தாடையைக் குட்டிக் குட்டிக் கனசதுரங்களால் ஆன ஒரு உருவமாகக் கட்டிவிடும். ஒவ்வொரு கனசதுரத்துக்கும் ஓர் எண். அடர்த்தியான எலும்பென்றால் ஓர் எண், காற்றென்றால் வேறு எண். கனசதுரத்தின் பக்கம் 0.2 மில்லிமீட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டருக்குள் எத்தனை அடங்கும்? ஒரு பக்கத்துக்கு 50. எனவே 50 × 50 × 50. போட்டுப் பாருங்கள். 1,25,000 வரும்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இத்தனை எண்கள் இருந்தும் அதில் நரம்பு தெரியாது. நரம்பு மென்மையானது, இந்தக் கதிருக்கு அது அகப்படுவதில்லை. தெரிவது நரம்பு போகும் கால்வாயின் எலும்புச் சுவர். ஆகவே யாராவது ஒருவர் கணினி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமாகத் தள்ளிக்கொண்டே போய், இது பல், இது எலும்பு, இது கால்வாய் என்று எல்லைக்கோடு போட வேண்டும். இப்போது மென்பொருள் பெருமளவு உதவி செய்கிறது. ஆனாலும் வேரும் எலும்பும் ஒட்டிக் கிடக்கும் இடங்களில் மென்பொருள் தடுமாறும். பயிற்சி பெற்ற ஒரு கண் அங்கே வேண்டும். தாடைக்குச் சொந்தக்காரரின் சம்மதம் வாங்கி, அவர் பெயர் முதலான விவரங்களை நீக்கிவிட்டுத்தான் இவ்வளவும் செய்வார்கள். மாணவர்கள் கையில் கிடைக்கும் தாடைக்கு ஊரும் பேரும் இருக்காது.

இனி முப்பரிமாண அச்சு.

1983-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சக் ஹல் என்ற பொறியாளர், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேசைப் பரப்பில் அதை மெல்லிய பூச்சாகப் பூசி, ஒளி காட்டினால் நொடியில் கெட்டியாகும். ஒரு பூச்சின்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனால் ஒரு பொருளையே எழுப்பிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மாலைகளிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து முயன்றார். முதலில் உருவானது கண் கழுவும் ஒரு சிறு கிண்ணம். 1986-இல் காப்புரிமை கிடைத்தது. ஒளியால் பிசினை அடுக்கடுக்காக இறுகச் செய்வதைப் பற்றி ஜப்பானின் நகோயாவில் ஹிடியோ கோடாமா அதற்கு முன்பே, 1981-இல், கட்டுரை எழுதியிருந்தார். காப்புரிமை அவர் கைக்கு வரவில்லை. அறிவியல் வரலாற்றில் இப்படிக் கைநழுவிப் போனவர்கள் பட்டியல் நீளமானது.

பழைய மண் சுவர் எழுப்புவதைக் கிராமத்தில் யாராவது பார்த்திருந்தால் அச்சு இயந்திரம் செய்வது உடனே புரியும். ஒரே மூச்சில் சுவர் எழும்பாது. ஒரு சுற்று வைத்து, அது இறுகிய பிறகு அடுத்த சுற்று. இங்கே ஒரு சுற்றின் உயரம் 0.05 மில்லிமீட்டர். தாடை மாதிரியின் உயரம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 800 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 விநாடி என்றால் 6,400 விநாடி, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கணினி முதலில் தாடையை அந்த 800 தளங்களாக அரிந்துவிடும். ஒவ்வொரு தளமும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தட்டில் ரெசின் எனப்படும் அந்தத் திரவப் பிசின் இருக்கும். அடியிலிருந்து அந்தப் படம் ஊதா நிற ஒளியில் விழும். வெள்ளை விழுந்த இடம் இறுகும், கறுப்பு விழுந்த இடம் திரவமாகவே இருக்கும். மேடை ஓர் அடுக்கு உயரம் ஏறும், அடுத்த படம். இவ்வகை இயந்திரங்களில் பொருள் தலைகீழாகத் தொங்கியபடி வளரும். வேடிக்கையான காட்சிதான். பல் வரிசை மேலிருந்து கீழாக, பிசினிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வரும்.

கால்வாய் என்ன ஆகிறது? அந்த இடத்தில் எல்லாப் படத்திலும் கறுப்புப் புள்ளி. எனவே அங்கே எதுவும் இறுகாது. எலும்பு முழுசாக எழுந்து நிற்கும்போது அதற்குள் கால்வாய் வெற்றிடமாகத் தானே உருவாகியிருக்கும். வெளியிலிருந்து துளைபோட்டு வளைவு நெளிவோடு இப்படி ஒரு பாதையை அமைக்க எந்தத் தச்சராலும் முடியாது. அடுக்கி எழுப்பும் முறைக்கு உள்ள பெரிய வசதியே இதுதான். உள்ளே இருப்பதையும் அது வெளியே இருப்பதோடு சேர்த்தே செய்துவிடுகிறது.

அச்சாகி வந்ததை ஆல்கஹாலில் கழுவி, மிச்சப் பிசினை நீக்கி, மறுபடி ஒளிப்பெட்டிக்குள் வைத்து முழுதாக இறுகச் செய்வார்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரலாம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பிறகு கால்வாய்க்குள் சிவப்போ மஞ்சளோ கலந்த சிலிக்கோனைச் செலுத்துவார்கள். அதுதான் நரம்பு. மேலே இளஞ்சிவப்பு சிலிக்கோனை ஊற்றி ஈறு செய்வார்கள். சில மாதிரிகளில் கால்வாயில் மின்கம்பி ஓடும். கருவி பட்டால் மணி அடிக்கும். எனக்குச் சிலிக்கோன் வகைதான் பிடித்திருக்கிறது. மணி அடித்தால் கையை உடனே எடுத்துவிடுவோம். சிலிக்கோனில் பட்ட கீறலோ அப்படியே இருக்கும், எல்லாம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் இப்படி உண்மை நோயாளிகளின் நிலையை அடிப்படையாக வைத்து மாதிரிகளை அச்சிட்டு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதைப் பற்றி 2017-இலும் 2020-இலும் ஆய்விதழ்களில் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் தாடை அறுவை மருத்துவர்கள் மேசைமேல் வைக்கும் சிறிய அச்சு இயந்திரத்தையே பயன்படுத்தி மாதிரிகள் செய்து பார்த்தார்கள். இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் அச்சு இயந்திரம் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, மாணவி ஒருத்தி அந்தத் தாடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாடை ஃபேன்டம் தலைக்குள் மாட்டியிருக்கிறது. கன்னம் ரப்பர். எவ்வளவு விலக்கினாலும் கடைவாய் இருட்டாகத்தான் இருக்கும். விளக்கைத் திருப்ப வேண்டும், தன் கழுத்தை வளைக்காமல் தலையின் கழுத்தைச் சாய்க்க வேண்டும். முதல் பாடம் உட்காரும் முறைதான். கத்தியால் ஈறைக் கீறுகிறாள். கத்தி எலும்பில் தட்டும் வரை அழுத்த வேண்டும், தட்டியதும் அந்த ஆழத்திலேயே இழுக்க வேண்டும். நாக்குப் பக்கம் போகக் கூடாது. அந்தப் பக்கம் நாக்குக்கான நரம்பு வேறு போகிறது. கீறிய ஈறை மெல்ல நெம்பி விலக்கினால் எலும்பு தெரிகிறது, அதற்குள் பல்லின் ஓரம் கொஞ்சம்.

இனிக் குடைய வேண்டும். சொத்தை அடைக்கும்போது 'ங்ஙீ' என்று கூவுமே, அந்த ஏரோட்டரை இங்கே எடுக்கக் கூடாது. காற்றால் சுழலும் அது நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் சுற்றுச் சுற்றும். வெளியேறும் காற்று விலக்கிய ஈறுக்கு அடியில் புகுந்தால் கன்னம் முழுக்கக் காற்று பரவி உப்பிவிடும். எனவே மின்சாரத்தில் ஓடும் மைக்ரோமோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 40,000 சுற்று. அதன் முனையில் 'பர்' என்கிற சிறிய எஃகுக் குடைவான்.

பர் எலும்பில் பட்டதும் உதவியாளர் விடாமல் சலைன் நீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் தூசி கழுவுவதற்கு இல்லை இது. உரசினால் சூடாகும். சுவீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் 1983-இல் முயல் எலும்பில் சோதித்துக் காட்டியது: 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புக்குக் கேடு தொடங்குகிறது. நம் உடல் வெப்பம் 37. இடையில் இருப்பது பத்தே டிகிரி. தண்ணீர் இல்லாமல் அழுத்திக் குடைந்தால் அந்தப் பத்து டிகிரி எப்போது தாண்டியதென்றே தெரியாது.

இந்த இடத்தில் மலிவான மாதிரிகள் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் இயந்திரங்கள் விலை குறைவு. அவற்றில் பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். பர் பட்டதும் உருகி, அதன் பற்களில் சவ்வாகச் சுற்றிக்கொள்ளும். மாணவி குடைவதை நிறுத்திவிட்டுப் பர்ரைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே அதிகமாக அழுத்தினோம், எங்கே தண்ணீர் குறைந்தது என்பதை அந்த உருகிய பிளாஸ்டிக்கைவிட வெளிப்படையாக வேறெதுவும் காட்டாது. குறையிலும் ஒரு பயன்.

எலும்பை விலக்கியதும் பல்லை நடுவே பிளக்கிறாள். முழுதாகப் பிடுங்க இடமில்லை. தலையைத் தனியாக, வேர்களைத் தனியாக எடுக்க வேண்டும். முக்கால் ஆழம் வரை பர்ரால் வெட்டிவிட்டு, மீதியை எலிவேட்டர் என்ற நெம்புகருவியால் திருகினால் 'டக்' என்று பிளக்கும். ஏன் முழு ஆழமும் வெட்டக் கூடாது? பல்லுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

துண்டுகளை எடுத்து, குழியைக் கழுவி, தையல் போட்டு முடித்தாயிற்று. வாய்க்குள் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. உண்மை நோயாளி என்றால் இங்கே விடைபெற்றுப் போயிருப்பார். உள்ளே என்ன நடந்தது என்பது அவர் உதடு மரத்திருக்கிறதா என்பதை வைத்துப் பிறகுதான் தெரியவரும். மாதிரி அப்படியில்லை. ஆசிரியர் அதைத் தலையிலிருந்து கழற்றி, ஒரு ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார். கால்வாய் திறக்கிறது. சிவப்புச் சிலிக்கோனில் பிறைவடிவில் ஒரு பள்ளம். "இது எப்போது விழுந்தது, தெரியுமா?" என்று கேட்கிறார். மாணவிக்குத் தெரியவில்லை. பள்ளத்தின் சாய்வைப் பார்த்து இருவரும் கண்டுபிடிக்கிறார்கள்: பல்லைப் பிளக்கும்போது கை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது.

பக்கத்து மேசைகளில் அதே தாடை. அதே கிடைப் பல், அதே வளைந்த வேர். எல்லாவற்றையும் அறுத்து வரிசையாக வைத்தால், ஒருவர் எலும்பை அளவுக்குமேல் குடைந்திருப்பார், ஒருவர் நாக்குப் பக்கச் சுவரை உடைத்திருப்பார், ஒருவர் வேர் நுனியை உள்ளேயே விட்டிருப்பார். ஒரே கணக்கை எல்லோரும் போட்டிருப்பதால்தான் விடைகளை ஒப்பிட முடிகிறது. உண்மை நோயாளிகளிடம் இது நடக்கவே நடக்காது. இரண்டு பேர் தாடை ஒன்றாக இருப்பதில்லை.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அச்சிட்ட தாடைக்கு அதற்கு நேர் எதிரான வேலை. அது முழுசாக வீட்டுக்குப் போனால் பயிற்சி நடக்கவில்லை என்று பொருள். அதனாலேயே, அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு சரியாகக் கெடுகிறது என்பதுதான் முக்கியம். இதில்தான் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

நம் பல்லின் மேலுறையான எனாமல்தான் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். அதற்குள்ளே இருக்கும் டென்டின் கொஞ்சம் மெத்து. தாடை எலும்பின் வெளிச்சுவர் கெட்டி, உள்ளே நுண்ணறைகள் நிறைந்த பகுதி. கை தேர்ந்த மருத்துவர் இந்த மாற்றங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் உணர்ந்துவிடுவார். பர்ரின் சத்தம் மாறும், அதிர்வு மாறும். ஒரே ரெசினால் அச்சிட்ட தாடையிலோ பல்லும் எலும்பும் ஒரே கடினம். பல் எங்கே முடிந்து எலும்பு எங்கே தொடங்கியது என்று கைக்குத் தெரியாது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எனாமலுக்கு ஓர் அடுக்கு, டென்டினுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்துப் பல் அச்சிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். அது பல்லுக்குத் தொப்பி செய்யப் பழகுவதற்கான பல். பல பொருள்களை ஒரே நேரத்தில் அச்சிடும் இயந்திரங்களும் உள்ளன, விலைதான் யானை விலை. எனாமலின் கடினத்தை எட்டிப் பிடித்த ரெசின் எதையும் நான் பார்த்ததில்லை.

ரத்தமும் கிடையாது. உண்மை வாயில் கீறிய அடுத்த நொடி எல்லாம் சிவப்பாகி, எலும்பின் விளிம்பே மறைந்துவிடும். எச்சில் சுரக்கும். நாக்கு தடுத்தாலும் கேட்காமல் வேலை நடக்கும் இடத்துக்கே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியில் ஒருவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னும் கொஞ்சம்தாம்மா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே கை நடுங்காமல் வேலை செய்ய எந்த அச்சு இயந்திரமும் கற்றுக்கொடுக்காது. அதற்கு மூத்த மருத்துவரின் பக்கத்தில் நின்று உதவியாளராகத் தொடங்கித்தான் ஆக வேண்டும். அச்சிட்ட தாடை அந்த நாளைத் தள்ளிப்போடவில்லை; அந்த நாளில் மாணவியின் கவனம் கருவியை எப்படிப் பிடிப்பது என்பதிலேயே கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அச்சிட்ட பல் பயிற்சி மேசையை விட்டு உண்மை வாய்க்குள்ளேயே போகிறது. உங்கள் அண்ணன் வயதுப் பையன் ஒருவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் காப்பாற்ற முடியாதபடி சொத்தையாகிவிட்டது; ஞானப்பல் ஒன்று உபயோகமில்லாமல் பின்னால் இருக்கிறது. அந்த ஞானப்பல்லைப் பிடுங்கி, கெட்ட பல் இருந்த இடத்தில் நட்டுவிடலாம். நன்றாக நட்டால் பிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், வேரைச் சுற்றிச் சவ்வாக ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் வெளிக்காற்றில் வேகமாகச் செத்துவிடும். முன்பெல்லாம் பல்லைப் பிடுங்கி, புதுக் குழியில் வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் எடுத்து, குழியை இன்னும் கொஞ்சம் குடைந்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நேரம் போகும், வேரும் உரசும்.

2001-இல் தென்கொரிய மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். சி.டி. படத்தை வைத்து, நடப்போகும் பல்லின் அச்சை அளவு மாறாமல் முன்கூட்டியே செய்துகொள்வது. கிருமி நீக்கிய அந்தப் போலிப் பல்லைக் குழிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். இடித்தால் எடுத்து, குடைந்து, மறுபடி வைப்பார்கள். இடிபடுவதும் உரசுவதும் எல்லாம் போலிப் பல்லுக்குத்தான். அது அலுங்காமல் உட்கார்ந்தபிறகுதான் உண்மைப் பல்லை அதன் இடத்திலிருந்து எடுப்பார்கள். சில நிமிடங்களுக்குள் அது புது வீட்டுக்குப் போய்விடும். அசையாமல் இருக்கப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி, சில வாரம் அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.